மிடில் (ஷ்ராப்ஷயர்): சர்ச் பெஞ்சு வரிசையில் ஒரு கிராமத்தின் குடும்ப வரலாறு

செவர்ன்கரை எழுதியது:

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், ஷ்ரூஸ்பரி நகருக்கு வடக்கே சுமார் 8 மைலில் மிடில் என்று ஒரு சிற்றூர். பெரிய போர் எதுவும் நடக்காத ஊர், ராஜா ராணி யாரும் பிறக்காத ஊர். ஒரு சர்ச், 1688 நிலநடுக்கத்தில் சரிந்தது போக மிஞ்சிய கோட்டைச் சுவர், சுற்றிலும் பண்ணைகள், அவ்வளவுதான். ஆனாலும் 17ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் வாழ்ந்த சாதாரண மனிதர்களைப் பற்றித் தெரிகிற அளவுக்கு இங்கிலாந்தில் வேறு எந்தக் கிராமத்து மனிதர்களைப் பற்றியும் நமக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குக் காரணம் ரிச்சர்ட் கஃப் (1635–1723). இதே பாரிஷில் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) நியூட்டன் என்ற குக்கிராமத்தில் நிலம் வைத்திருந்தவர். கொஞ்சம் சட்டம் தெரியும், லத்தீன் தெரியும். 60 வயதைத் தாண்டிய பிறகு 1700ஆம் ஆண்டு வாக்கில் தன் பாரிஷைப் பற்றி எழுத உட்கார்ந்தார். முதலில் மற்றவர்கள் எழுதுவது போலவே கோட்டை, எல்லை, பாதிரியார்கள் என்று ஆரம்பித்தார். அப்புறம்தான் எனக்குத் தெரிந்து யாருமே செய்யாத ஒன்றைச் செய்தார். சர்ச்சுக்குள் இருக்கும் பெஞ்சுகளை வரைபடமாகப் போட்டு, ஒவ்வொரு பெஞ்சும் எந்த வீட்டுக்கு உரியது, அந்த வீட்டில் இப்போது யார், அவருக்கு முன் யார், யார் யாரைக் கட்டினார்கள், நிலம் எப்படிக் கைமாறியது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனார்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம். அந்தக் காலத்து ஆங்கிலக் கிராமத்தில் பெஞ்சு ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்கும் பண்ணைக்கும் சொந்தம். வீட்டை விற்றால் பெஞ்சும் கூடவே போகும். பெரிய பண்ணைக்காரர்கள் முன்னால், குடிசைக்காரர்கள் பின்னாலும் ஓரத்திலும். பாரிஷ் வரி கட்டாதவர்களும் விடலைப் பையன்களும் ஊர்ப் பெரியவர்களுக்கு மேலான இடத்தில் உட்காருவது முறையில்லை என்று சொல்லியே ஒரு முறை இடங்களைத் திருத்தி அமைத்தார்கள் என்று கஃப் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சர்ச்சுக்குள் நுழைந்த எவருக்கும் ஊரின் சொத்துக் கணக்கு முழுவதும் கண்ணெதிரே தெரிந்திருக்கும்.

அந்த வரிசையில்தான் வில்லியம் கிராஸ் வருகிறார். அவரும் மனைவியும் தினமும் மதுக்கடைக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் அவர்களுடைய பசுமாடுகளும் அங்கேயே போய்ச் சேர்ந்தன என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார் கஃப். தாமஸ் ஹேவர்டு என்பவருக்கு வீட்டில் நிம்மதியில்லை. சாப்பாட்டுக்காக மட்டுமே கடைக்குப் போனவர், எல்லாருக்கும் பிடித்த மனிதராக இருந்ததால் அங்கே நெடுநேரம் தங்கிப்போனாராம். பாதிக் கிராமம் குடியில் அழிந்த கதை இப்படிச் சின்னச் சின்ன வரிகளில் கிடக்கிறது.

இங்கே குடும்ப வரலாறு, ஊர் வரலாறு தேடுகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். மிடிலையோ அதைப் போன்ற பாரிஷ்களையோ படித்தவர்கள் சொல்லுங்கள், பேசலாம்.

---

பழையஓலை எழுதியது:

நல்ல இழை தோழி. ஆனால் ஒரு கேள்வியை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இதை வரலாறு என்று எடுத்துக்கொள்ளலாமா, அல்லது திண்ணைப் பேச்சு என்று வைத்துக்கொள்ளலாமா?

நானும் கஃபைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். எல்க்ஸ் குடும்பத்துக் கதை நினைவிருக்கிறதா? தாமஸ் எல்க்ஸ் என்பவன் சொத்துக்காக அநாதையான அண்ணன் பிள்ளையை வாளித் தண்ணீரில் முக்கிக் கொன்றுவிட்டு லண்டன் பக்கம் ஓடுகிறான். வழியில் ஒரு வைக்கோல் போரின் மேல் இரண்டு அண்டங்காக்கைகள் வைக்கோலைப் பிய்த்துக் கத்திக்கொண்டிருக்க, தேடி வந்தவர்கள் போய்ப் பார்த்தால் அவன் அங்கே தூங்குகிறான். கொலை செய்த நாளிலிருந்து அந்தக் காக்கைகள் தன்னைப் பின்தொடர்ந்ததாக அவனே ஒப்புக்கொண்டானாம். தூக்கில் போட்டார்கள்.

கொலை நடந்திருக்கலாம், தூக்கும் நடந்திருக்கலாம். காக்கைகள்? இப்படிக் கதை சொல்லும் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் குடித்தே நிலத்தை இழந்தார் என்று எழுதும்போது அதை மட்டும் எப்படி அப்படியே நம்புவது? அந்த வீட்டோடு அவருக்கு என்ன பகை என்று நமக்குத் தெரியுமா?

---

செவர்ன்கரை எழுதியது:

//பக்கத்து வீட்டுக்காரர் குடித்தே நிலத்தை இழந்தார் என்று எழுதும்போது அதை மட்டும் எப்படி அப்படியே நம்புவது?//

நியாயமான கேள்வி. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டேவிட் ஹே என்ற வரலாற்றாசிரியர் மிடில் பாரிஷின் பதிவேடுகள், உயில்கள், குத்தகைப் பத்திரங்கள் எல்லாவற்றையும் எடுத்து கஃப் சொன்னவற்றோடு ஒப்பிட்டு 1974இல் ஒரு முழு ஆய்வு வெளியிட்டார். குடும்பங்கள், திருமணங்கள், நிலம் கைமாறியது ஆகிய விஷயங்களில் கஃப் பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கிறார் என்பதுதான் முடிவு.

எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது அவர் எழுதும் விதம். தான் பார்த்தது எது, கேட்டது எது, தெரியாதது எது என்று அவர் பிரித்துச் சொல்கிறார். ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர் பற்றி எழுதிய பகுதியைப் பாருங்கள்.

1642இல் ராஜாவுக்கு ஆள் சேர்க்க, பிம்ஹில் வட்டாரத்தில் 16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் எல்லாரும் மிடில் குன்றுக்கு வர வேண்டும் என்று உத்தரவு. அந்தக் கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போனபோது கஃப் எட்டு ஒன்பது வயதுப் பையனாம். மேட்டின் உச்சியில் ஒருவர் கையில் காகிதத்தோடு நிற்கிறார், பக்கத்தில் ஈட்டிகள் நட்டு வைத்திருக்கின்றன. ராஜாவுக்குச் சிப்பாயாகச் சேர்கிறவனுக்கு வாரம் 14 குரோட் கூலி என்று அறிவிக்கிறார். ஒரு குரோட் 4 பென்ஸ், ஆக 4 ஷில்லிங் 8 பென்ஸ்.

மிடில், மார்ட்டன், நியூட்டன் மூன்று ஊர்களிலிருந்தும் போனவர்கள் 20 பேர். அதில் 13 பேர் செத்தார்கள். கஃப் அவர்களைப் பெயர் பெயராகச் சொல்கிறார். ரிச்சர்ட் சாலனர், முறை தவறிப் பிறந்த பிள்ளை, பாரிஷ் செலவில் வளர்ந்தவன். எட்ஜ்ஹில் போருக்குப் போனான், அப்புறம் அவனைப் பற்றி இந்தப் பக்கம் யாருக்கும் தகவலே இல்லை. நெசவாளியின் தம்பி ரீஸ் வான் ஹாப்டன் கோட்டையில் இறந்தான். கஃபின் அப்பாவிடம் வேலை பார்த்த ஜான் ஆர்தர்ஸும் அதே இடத்தில். தாமஸ் ஃபார்ம்ஸ்டன் நல்ல எதிர்காலம் உள்ள பையன், எங்கே செத்தான் என்று சொல்ல எனக்குத் தெரியாது என்கிறார். தெரியாததை இட்டுக்கட்டவில்லை, கவனியுங்கள். மூன்று சின்ன ஊர்களிலேயே இத்தனை பேர் என்றால் நாடு முழுவதும் எத்தனை ஆயிரம் பேர் இறந்திருப்பார்கள் என்று கடைசியில் ஒரு கேள்வி. அந்தப் போரின் சாவுக் கணக்கைப் பற்றிப் பேசும் அறிஞர்கள் இன்றும் இந்தப் பத்தியை எடுத்துக்காட்டுகிறார்கள்.

இன்னொரு சம்பவம். காலின்ஸ் என்ற ராஜா கட்சிப் படை அதிகாரி ஷ்ராவார்டைன் கோட்டையிலிருந்து அடிக்கடி மிடிலுக்கு வந்து மாடு, தானியம், படுக்கை என்று கிடைத்ததை அள்ளிப் போவான். ஒரு நாள் கொல்லன் ஆலன் சாலனர் வீட்டில் படுக்கை கேட்கிறான். கொல்லன் மனைவி மார்கரெட் இருப்பதிலேயே நல்ல படுக்கையை எடுத்து வந்து காட்டுகிறாள். சொரசொரப்பாக இருக்கிறது என்று அதை வாசலில் இருந்த தண்ணீரில் வீசிக் குதிரைக் காலால் மிதிக்க வைக்கிறான்.

மறுநாளே மறுபடி வருகிறான். குதிரையின் லாடம் ஒன்று கழன்றிருக்கிறது. அதே கொல்லன் பட்டறையில் இறங்குகிறான். அந்த நேரம் பார்த்து நாடாளுமன்றக் கட்சிச் சிப்பாய்கள் எட்டுப் பேர் ஊருக்குள் நுழைகிறார்கள். கேட் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டுக் காலின்ஸ் குதிரை ஏறிப் பட்டறை முனைக்கு வருவதற்குள் ஒரு துடியான பையன் சுட்டுவிடுகிறான். அதே வாசல் தண்ணீரில் விழுகிறான். வீட்டுக்குள் தூக்கி வந்து தரையில் கிடத்துகிறார்கள். கீழே படுக்கை போடச் சொல்கிறான். எங்களிடம் படுக்கை இல்லை என்கிறாள் மார்கரெட். என்னை மன்னித்துவிடு, நான் தண்ணீரில் போட்டேனே, அதையே போடு என்று கெஞ்சுகிறான். அவள் போட்டாள்.

ஜெபம் செய்யப் பள்ளி ஆசிரியரை அழைக்கிறார்கள். அவர் கூடவே போன மாணவன் கஃப். படுக்கையில் அந்த ஆள் கிடந்ததையும் தரையில் இரத்தம் ஓடியதையும் நானே பார்த்தேன் என்று எழுதுகிறார். சண்டையை முழுதாகப் பார்க்கவில்லை, ஆசிரியர் எங்களைச் சர்ச்சுக்குள் வரச் சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். இப்படி எழுதுகிறவரைத் திண்ணைப் பேச்சு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

---

லெஸ்டர்வாசி எழுதியது:

கஃப் மாதிரி ஆள் ஒவ்வொரு பாரிஷிலும் கிடைக்க மாட்டார். மற்ற ஊர்களுக்குப் பதிவேடுதான் கதி. தேட ஆரம்பிக்கிறவர்களுக்காக நான் பட்டறிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாரிஷ் வாரியாக எழுதி வைக்க வேண்டும் என்று 1538இல் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டார். பல ஊர்களில் ஆரம்ப காலத் தாள்கள் போய்விட்டன. 1598இல் பழையதைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னார்கள், ஆண்டுதோறும் ஒரு நகலை பிஷப்புக்கு அனுப்பவும் சொன்னார்கள். அதனால் சர்ச்சில் இருக்கும் ஏடு எலி தின்று போயிருந்தாலும் மறைமாவட்ட நகல் இருக்கக்கூடும். இரண்டையும் பாருங்கள், ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும்.

1642 முதல் 1660 வரை போரும் குழப்பமும். அந்த இடைவெளியில் உங்கள் குடும்பம் காணாமல் போனால் பயப்பட வேண்டாம், நாடு முழுக்க அதே நிலைதான்.

தேதியில் ரொம்பப் பேர் சறுக்குகிறார்கள். 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. பதிவேட்டில் 1701 பிப்ரவரி என்று இருந்தால் அது நம் கணக்கில் 1702 பிப்ரவரி. இது தெரியாமல், கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது என்று முடிவு கட்டிப் பெரியவர்கள் பெயரைக் கெடுத்தவர்கள் உண்டு.

1678க்குப் பிந்தைய அடக்கப் பதிவுகளில் கம்பளித் துணி பற்றிக் குறிப்பு வந்தால் குழம்ப வேண்டாம். ஆட்டுக் கம்பளித் தொழிலைக் காப்பாற்ற, பிணத்தைக் கம்பளியில்தான் சுற்ற வேண்டும் என்று சட்டம். சத்தியப் பத்திரம் தராவிட்டால் 5 பவுண்டு அபராதம். பணக்காரர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு லினனிலேயே புதைத்தார்கள்.

1754இலிருந்து திருமணத்துக்கு அச்சிட்ட படிவம், மணமக்களின் கையெழுத்து அல்லது கீறலோடு. முன்னோர் ஒருவர் போட்ட சிலுவைக் குறியைப் பார்க்கும்போது ஏற்படுகிற உணர்ச்சியை எந்தக் குடும்ப மரமும் தராது. 1813 முதல் ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலும் குடியிருப்பும் வரும். 1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு. மக்கள் தொகைக் கணக்கில் 1841ஐ விட 1851தான் உதவி, பிறந்த பாரிஷின் பெயரே அதில் இருக்கும்.

---

பெரம்பூர்_லோகோ எழுதியது:

அக்கா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். நாங்கள் பெரம்பூர் ரயில்வே ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அப்பாவழியில் முதலில் வந்தவர் சிப்பாய் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். பாட்டியின் பைபிளின் முன்பக்கத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "சலோப்" என்று இருக்கிறது. இவ்வளவு நாளும் ஏதோ ஒரு ஊர் என்று நினைத்திருந்தோம். இந்த இழையில் ஷ்ராப்ஷயர் என்று பார்த்ததும் கேட்கத் தோன்றியது. இதை வைத்து அவர் எந்தக் கிராமம் என்று கண்டுபிடிக்க முடியுமா? 1830களில் சென்னையில் திருமணம் நடந்திருக்கிறது.

---

லெஸ்டர்வாசி எழுதியது:

தம்பி, சலோப் என்றால் ஷ்ராப்ஷயர்தான், மாவட்டம் கிடைத்துவிட்டது. இனி பாரிஷ்.

சென்னை மாகாணத்துச் சர்ச் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தின் பதிவேடு 1680இலிருந்தே உண்டு. திருமணப் பதிவில் அவருடைய படைப்பிரிவும் பதவியும் கிடைக்கும், பிறந்த ஊர் கிடைக்காது. அதனால் அங்கே எடுக்க வேண்டியது படைப்பிரிவின் பெயரைத்தான்.

ராஜாவின் படையா, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையா என்பது அடுத்த கேள்வி. ராஜாவின் படை என்றால் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பணிவிடுப்புத் தாள்கள் இருக்கின்றன. பிறந்த பாரிஷ், சேர்ந்தபோது வயது, முந்தைய தொழில், முடியின் நிறம் வரை அதில் எழுதியிருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் பென்ஷனோடு விடுப்புப் பெற்றவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்தத் தாள் மிஞ்சியிருக்கிறது. பணியிலேயே இறந்தவர் என்றால் படைப்பிரிவின் சம்பளப் பட்டியலைப் பார்க்க வேண்டும். கம்பெனிப் படை என்றால் ஆள் சேர்ப்புப் பதிவேடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில்.

அதுவரைக்கும் இணையத்தில் அதே பெயரில் ஷ்ராப்ஷயரில் ஒருவர் கிடைத்தார் என்று ஒட்டிவிடாதீர்கள். ஜான், வில்லியம், தாமஸ் இந்த மூன்று பெயர்களில்தான் பாதி ஆண்கள் திரிந்தார்கள்.

---

பழையஓலை எழுதியது:

செவர்ன்கரை, காலின்ஸ் சம்பவத்துக்குப் பிறகு கஃபின் நேர்மையைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. நானே பார்த்தேன் என்ற வரிக்கும் காக்கைக் கதைக்கும் உள்ள தூரத்தை அவரே காட்டிவிடுகிறார்.

ஆனால் வேறொன்று உறுத்துகிறது. பெஞ்சு வரிசைப்படி எழுதினால் பெஞ்சு இல்லாதவர்கள் எங்கே? காட்டோரத்தில் குடிசை போட்டவர்கள், வேலைக்காரப் பெண்கள், ஊர் ஊராகப் போய் வேலை தேடியவர்கள்?

---

செவர்ன்கரை எழுதியது:

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். குடிசைக்காரர்களுக்கும் ஓரத்தில் இடம் உண்டு என்பதால் அவர்களில் பலர் வருகிறார்கள். மிடிலில் பாறைக் குகை ஒன்றில் குடியிருந்த வில்லியம் பிரீஸ் கூட வருகிறார். "பூதப் பொந்து" ஸ்கோகன் என்று ஊரில் பட்டப்பெயர். அவரும் மூன்று பிள்ளைகளும் ராஜா படைக்குப் போனவர்கள்.

அதற்கும் கீழே இருந்தவர்கள் வருவது கைப்பிரதியின் கடைசிப் பகுதியில். அங்கே கஃப் பெஞ்சுகளை விட்டுவிட்டு, மிடிலுக்கும் அக்கம்பக்கத்துப் பாரிஷ்களுக்கும் நடந்த வழக்குகளை எழுதுகிறார். எல்லாம் ஒரே சண்டைதான்: இந்த ஏழை யாருடைய பொறுப்பு?

இதற்குப் பின்னால் இருந்தது 1662 குடியிருப்புச் சட்டம். 1601 முதலே ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளை வரி வசூலித்துக் காப்பாற்ற வேண்டும். அப்படியானால் வெளியூர்க்காரன் வந்து நம் ஊர் ஏழையாகிவிடக் கூடாது என்ற பயம் எல்லா ஊருக்கும். ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை தர முடியாத ஆள் புதிதாக வந்தால், 40 நாளுக்குள் புகார் செய்து அவனைச் சொந்தப் பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். 1697இல் உதவி வாங்குகிறவர்கள் வலது தோளில் "பி" (P) என்ற எழுத்தையும் பாரிஷின் முதல் எழுத்தையும் துணியில் தைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சட்டம் வந்தது. திருமணமாகாத நிறைமாத கர்ப்பிணிகளை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்ட ஊர்கள் உண்டு. திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தை எங்கே பிறக்கிறதோ அந்தப் பாரிஷ்தான் செலவு பார்க்க வேண்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், இப்போதும் வருகிறது.

இந்த விசாரணைகளில் ஏழைகள் தங்கள் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எவ்வளவு காலம், என்ன கூலி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வேலைக்காரியின் வாழ்க்கை அதே ஊர்ப் பணக்கார விவசாயியின் வாழ்க்கையை விட விரிவாக ஏட்டில் இருப்பது இப்படித்தான். பல மாவட்டங்களில் இந்த விசாரணைத் தாள்கள் பாரிஷ் பெட்டியிலிருந்து ஆவணக் காப்பகத்துக்கு வந்திருக்கின்றன. குடும்பம் தேடுகிறவர்கள் ஞானஸ்நானத்தோடு நிறுத்திவிடாமல் இவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

---

பழையஓலை எழுதியது:

ஆக, கஃபும் வரி கட்டுகிறவர் என்ற இடத்திலிருந்துதான் அவர்களைப் பார்க்கிறார். வழக்கில் தன் பாரிஷ் ஜெயித்தால் சந்தோஷம், தோற்றால் வருத்தம். படுக்கையைப் பறிகொடுத்த கொல்லன் மனைவிக்குக் கிடைத்த கனிவு, வெளியூரிலிருந்து வந்த ஏழைக்குக் கிடைக்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இதையும் சேர்த்தே அவரைப் படிக்க வேண்டும்.

---

செவர்ன்கரை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அவர் அன்பு பாரிஷ் எல்லையோடு நின்றுவிட்டது. ஆனால் அந்த எல்லைக்குள் எந்தக் கட்சிக்காரர் என்று அவர் பார்க்கவில்லை. நாடாளுமன்றப் படைக்கு மிடிலிலிருந்து போனவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஜான் மோல்டு என்ற சின்ன உருவத் துணிச்சல்காரனுக்குக் காலில் குண்டு பாய்ந்து எலும்பு முறிந்தது, குதிரையும் செத்தது. கால் ஆறியது, ஆனால் சாகும்வரை கோணலாகவே இருந்தது என்று கஃப் எழுதுகிறார். ஞாயிறுதோறும் அந்தக் காலைப் பார்த்தவர் எழுதியது அது.

பெரம்பூர்த் தம்பிக்கு: லெஸ்டர்வாசி சொன்னபடி முதலில் படைப்பிரிவைக் கண்டுபிடியுங்கள். பாரிஷ் பெயர் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள். ஷ்ராப்ஷயர் ஆவணக் காப்பகம் எனக்குப் பக்கம்தான், பதிவேட்டை நானே போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

---

பெரம்பூர்_லோகோ எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. அத்தையிடம் பழைய திருமணச் சான்றிதழின் நகல் ஒன்று இருக்கிறதாம், அதில் படைப்பிரிவு எண் இருக்கலாம் என்கிறார். இந்த வாரம் போய் வாங்கிப் படம் எடுத்துப் போடுகிறேன். கையெழுத்து படிக்கச் சிரமமாக இருந்தால் லெஸ்டர் அண்ணாதான் உதவ வேண்டும்.